சிப்பி இல்லாமல் முத்து வருமா?

குடுமியான்மலை வேளாண் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: “திசு வாழை மாதிரி இறாலையும் சிப்பியையும் பாட்டில்ல வளர்க்க முடியாதா சார்?” அவளுக்குச் சொந்த ஊர் ஜெகதாப்பட்டினம். பாறையும் மானாவாரியுமான இந்தப் பக்கமும் அந்தக் கடலோரமும் ஒரே மாவட்டம்தான். கேள்வி நல்ல கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம்.

திசு வாழைக்கு, பக்கக்கன்றின் குருத்து நுனியை வெட்டிச் சுத்தம் செய்து ஊட்டக் கூழில் வைக்கிறோம். அது பல குருத்தாகப் பிரியும். வேர்விட்டதும் நிழல்வலையில் பழக்கி வயலுக்கு அனுப்புகிறோம். செடியின் செல்லுக்கு முழுச் செடியாக மாறும் திறன் உண்டு. சிப்பியின் செல்லுக்கு அது கிடையாது. ஒரு துண்டை ஆய்வகத் தட்டில் வைத்தால் குட்டிச் சிப்பி வராது. ஆகவே இங்கே நமக்கு வேண்டியது செல் செய்யும் வேலை மட்டும்.

முத்துச்சிப்பியில் அந்த வேலையைச் செய்வது, ஓட்டின் உட்புறத்தை ஒட்டியிருக்கும் மேன்டில் என்ற மெல்லிய சதைப் போர்வை. ஓட்டை வளர்ப்பதும் உள்ளே மினுமினுப்பைப் பூசுவதும் அதுதான். பூச்சில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள். அதைச் செதில் செதிலாக அடுக்கி, நடுவில் புரதம் வைத்து ஒட்டுவதால்தான் அந்த ஒளி. முத்து வளர்ப்பவர்கள் ஒரு சிப்பியின் மேன்டிலில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் துண்டை வெட்டி, ஒரு சிறு மணியோடு சேர்த்து இன்னொரு சிப்பியின் உடலுக்குள் வைப்பார்கள். துண்டு வளர்ந்து மணியைப் பைபோல் மூடிக்கொண்டு பூசத் தொடங்கும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி 1973-இல் தூத்துக்குடிப் பக்கம் இந்த முறையில் முத்து எடுத்துக் காட்டினார்.

வேலை செய்வது அந்தத் துண்டுதான் என்றால், சிப்பி எதற்கு? அதே நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில் எஸ். தர்மராஜும் சி.பி. சுஜாவும் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். ஹாலியோடிஸ் வேரியா என்ற ஒற்றை ஓட்டுக் கடல் நத்தையின் மேன்டிலைத் தட்டில் வளர்த்தது பற்றிய அவர்களின் கட்டுரை 2005-இல் வந்தது. நம் கடற்கரையில் நடந்த இந்த வேலையை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

செய்முறை இதுதான். கிருமி நீக்கிய கடல்நீரில் ஆன்டிபயாடிக் கலந்து துண்டைப் பலமுறை அலசி, பொடிப்பொடியாக நறுக்கி, தட்டின் அடியில் ஒட்ட வைக்க வேண்டும். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால், துண்டின் ஓரத்திலிருந்து உருண்டை உருண்டையாகச் செல்கள் கழன்று, தட்டின் மேல் பரவிக்கொண்டிருக்கும். முதல்முறை பார்ப்பவருக்கு, வளர்ந்துவிட்டது என்றே தோன்றும். இங்கேதான் கவனம் வேண்டும். பரவுவது வேறு, பெருகுவது வேறு. கடல்வாழ் முதுகெலும்பில்லாத உயிரிகளின் செல்கள் தட்டில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்; ஆனால் பெரும்பாலும் இரண்டாகப் பிரியாது. மனிதச் செல் 1951-இலிருந்து இன்றுவரை ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கிறது. மீனுக்கும் பூச்சிக்கும் 1962-லேயே இப்படிப் பெருகிக்கொண்டே இருக்கும் செல் கூட்டம், அதாவது நிரந்தரச் செல் வரிசை, வந்துவிட்டது. சிப்பியோ பிடிகொடுக்கவில்லை.

உப்பு பெரிய தடையில்லை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம், ஆஸ்பத்திரி சலைனில் 9 கிராம்; ஊட்டக்கரைசலில் கூட்டிக்கொள்ளலாம். சிப்பிச் செல்லைப் ‘பிரி’ என்று தூண்டும் பொருள் எது என்பதே பிடிபடவில்லை. கடைகளில் கிடைக்கும் ஊட்டக்கரைசல்கள் பெரும்பாலும் பாலூட்டிச் செல்களுக்காகச் செய்தவை. அடுத்த தொல்லை, அழையா விருந்தாளி. சிப்பி கடல்நீரை வடிகட்டி உண்பதால் அதன் சதையிலேயே நுண்ணுயிர் குடியிருக்கும். த்ராஸ்டோகைட்ரிட் என்று ஒன்று, உருண்டையாக, சிப்பிச் செல் போலவே இருக்கும். தட்டில் அமோகமாகப் பெருகும். அதையே தங்கள் செல் வரிசை என்று நம்பி ஏமாந்த ஆய்வாளர்கள் உண்டு.

இறால் பண்ணைக்காரர்களுக்கு இந்தச் செல் வளர்ப்பு வயிற்றுப்பிழைப்பு. 1990-களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் நம் பண்ணைகளைக் காலி செய்தது. வைரஸ் செல்லுக்குள்தான் பெருகும். இறால் செல் வரிசை இருந்தால் மருந்தையும் தடுப்பையும் தட்டிலேயே சோதிக்கலாம். அது இல்லாததால் உயிருள்ள இறாலுக்கு ஊசி போட்டுப் பார்க்கிறார்கள். மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆய்வாளர்கள் நன்னீர் இறாலின் வெண்வால் நோய் வைரஸைக் கொசுவின் செல்லில் வளர்த்துப் பார்த்தார்கள். இறாலும் கொசுவும் கணுக்காலிகள், தூரத்துச் சொந்தம் என்ற கணக்கு.

வழி முதலில் திறந்தது கடற்பஞ்சில். ஒரு டன் கடற்பஞ்சைப் பிழிந்தால் ஹாலிகான்ட்ரின் என்ற புற்றுநோய் மருந்துச் சரக்கு 300 மில்லிகிராம் அளவுதான் தேறியது. கடலை வழித்தெடுத்து மருந்து செய்ய முடியாது. 2019-இல் ஆய்வாளர் ஷெர்லி பொம்போனியின் குழு, அமினோ அமிலங்களின் அளவைத் திருத்திய ஒரு கரைசலில் கடற்பஞ்சுச் செல்லைப் பிரிய வைத்தது. சில செல்கள் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரட்டித்தன. 2021-இல் ஜப்பானில் பவளச் செல்லும் பெருகியது.

ஜெகதாப்பட்டினத்துப் பெண்ணுக்கு இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். தட்டில் செல் வளர்ந்தது என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டியவை: எத்தனை முறை பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றினீர்கள்? டி.என்.ஏ. பார்த்து அது சிப்பியின் செல்தான் என்று உறுதி செய்தீர்களா?