சென்னைக் காருக்குள் ஹீட்டருக்கு என்ன வேலை, தெரியுமா?

மே மாத வெயில். ராயப்பேட்டை மணிக்கூண்டு சிக்னலில் கார் நிற்கிறது. ஏசி ஜில்லென்று வீசுகிறது. அந்தக் குளிர்காற்றைப் பக்குவப்படுத்துவதில் ஹீட்டருக்கும் பங்கு உண்டு, தெரியுமா? 2003 மே 31-ல் 45 டிகிரி வெயிலைப் பார்த்த ஊர் இது. ஆனாலும் இன்று ஓடும் பெரும்பாலான கார்களின் டேஷ்போர்டுக்குள் ஒரு ஹீட்டர் காயில் இருக்கிறது. இன்ஜினைச் சுற்றிவரும் கூலன்ட், ஏறக்குறைய 90 டிகிரிச் சூட்டோடு அதற்குள்ளும் போய்வருகிறது!

ப்ளோயர் தள்ளும் காற்று முதலில் கூலிங் காயிலில் பட்டு நன்றாகக் குளிர்கிறது. அதையடுத்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கதவு. குமிழை நீலத்திலிருந்து சிவப்புப் பக்கம் திருப்பினால் அசைவது அந்தக் கதவுதான்! குளிர்ந்த காற்றில் ஒரு பங்கை ஹீட்டர் காயில் வழியே அனுப்பி, மீதியோடு கலந்து வெளியே விடுகிறது. வெந்நீரில் பச்சைத்தண்ணீர் விளாவுகிற மாதிரி. அதனால் பல கார்களில் குமிழைப் பாதியில் வைத்தாலும் கம்ப்ரஸரின் உழைப்பு குறைவதில்லை. ஆட்டோமேட்டிக் ஏசியில் நாம் 24 என்று வைத்தால் போதும். சென்சார்கள் சொல்லச் சொல்ல, ஒரு குட்டி மோட்டார் கதவைத் திருப்பிக்கொண்டே இருக்கும். டேஷ்போர்டுக்குள் 'டிக் டிக்' சத்தம் விடாமல் கேட்டால், பெரும்பாலும் அந்த மோட்டாரின் பல்சக்கரம் உடைந்திருக்கும்.

ப்ளோயர் 1, 2, 3-ல் ஓடாமல் 4-ல் மட்டும் ஓடுகிறதா? மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது! கெட்டது வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர். முழு வேகத்தில் மின்சாரம் அதைத் தொடாமலே போய்விடும். உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு உதிரிபாகக் கடைகளில் அதை விசாரித்துவிட்டு, அப்புறம் மோட்டாரை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

ஏசியும் ஹீட்டரும் ஆரம்பத்திலேயே இப்படிச் சேர்ந்திருக்கவில்லை. 1940 மாடல் பேக்கார்ட் காரில் ஏசியின் கூலிங் காயில் டிக்கியில் இருந்தது. கம்ப்ரஸரை நிறுத்த வேண்டுமானால் இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து, பெல்ட்டையே கழற்ற வேண்டும்! 1954-ல் குளிரையும் சூட்டையும் காரின் முன்பக்கத்தில் ஒரே அமைப்பாகச் சேர்த்துக் காட்டிய நிறுவனம் நாஷ்-கெல்வினேட்டர். ஆமாம், ஃபிரிட்ஜ் செய்த அதே கெல்வினேட்டர்தான்!

ஐப்பசி மழையில் கண்ணாடியின் உட்புறம் பனிமூட்டமாகிறதா? ஏசியையும் போடுங்கள், குமிழையும் சிவப்புக்குத் திருப்புங்கள். கூலிங் காயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். காருக்கு அடியில் சொட்டும் தண்ணீர் அந்த ஈரம்தான், ஒழுகல் அல்ல. உலர்ந்த காற்றை ஹீட்டர் சூடாக்க, கண்ணாடி மளமளவென்று தெளியும்.

இன்னொன்று. அண்ணா சாலை நெரிசலில் டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி ஏறுகிறதா? ஏசியை அணைத்து, ஜன்னல்களை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் ப்ளோயரை முழு வேகத்திலும் வையுங்கள். இன்ஜின் சூட்டில் ஒரு பகுதி அந்த வழியாக வெளியேறும். ஓரம்கட்டி இன்ஜினை அணைக்கும்வரை அது தாக்குப்பிடிக்க உதவும். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள்!