லீவு லெட்டர் – 11: ஞாயிற்றுக்கிழமை எங்கே போச்சு?

இந்தத் தொடரில் போன வாரம் பார்த்தது மருத்துவச் சான்று. நினைவிருப்பவர்கள் மேலே படிக்கலாம், மற்றவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள்.

பிரசவ லீவு முடிந்தும் வராதவருக்கு என்ன கடிதம் எழுதுவது என்பதுதான் இந்த வாரத்துக்குச் சொல்லி வைத்தது. அதற்குள் கோம்பை என்ற ஊரிலிருந்து போன். பேசியவர் ஏலக்காய் வியாபாரி. கடையில் 12 பேர் வேலை செய்கிறார்கள். “வேலை பாக்கற பொண்ணு ஒண்ணுக்குப் பிரசவ லீவு 26 வாரம் குடுத்தேன் சார். முடிஞ்சு நாலு வாரமாச்சு. கேட்டா, ‘மொதலாளி, இன்னும் ரெண்டு நாளு கெடக்கு’ங்குது.”

அந்த ரெண்டு நாள் எங்கிருந்து வந்தது என்று பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 26 வாரம் என்றால் 182 நாள். ஞாயிறுகளைக் கழித்துவிட்டு 182 வேலை நாளாக எண்ணினால் 30 வாரமும் 2 நாளும். அந்தப் பெண் கணக்கில் புலி. கழித்ததுதான் தப்பு.

இதே ஞாயிற்றுக்கிழமை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1967 டிசம்பரில் மவுண்ட் ஸ்டூவர்ட் எஸ்டேட் தொழிலாளி ஒருவருக்குக் குழந்தை பிறந்தது. அப்போது லீவு 12 வாரம்தான். எஸ்டேட் ஞாயிறுகளை உருவிவிட்டு 72 நாள் கூலி கொடுத்தது. அவர் 84 நாளைக்குக் கேட்டார். கோவைத் தொழிலாளர் நீதிமன்றம் அவர் பக்கம். சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி எஸ்டேட் பக்கம், இருவர் அமர்வு மறுபடி அவர் பக்கம். எஸ்டேட் விடாமல் டெல்லிக்குப் போனது. வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள் என்று 1977-இல் தீர்ப்பு வந்தது. 12 நாள் கூலிக்குப் பத்து வருஷம்! மூன்று நாளாக வீட்டில் எல்லோரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, கூலிக்கு ஞாயிறு உண்டு, லீவுக்கும் உண்டு. ஏழு நாள் வாரம் இரண்டு பக்கமும் எடை போடும். கோம்பைப் பெண்ணுக்கு லீவு முடிந்துவிட்டது.

வியாபாரிக்கு இதில் ஏக சந்தோஷம். “அப்ப பேரை எடுத்துறலாமா? எட்டு நாளு வரலைன்னா தானா போச்சுங்கிறாங்களே.” போகாது. லீவு முடிந்து எட்டு நாளுக்கு மேல் வராவிட்டால் வேலை போச்சு என்று நிறுவனத்தின் வேலை விதிகளான நிலையாணையே சொன்னாலும், விளக்கம் கேட்காமல், விசாரிக்காமல் நீக்கக் கூடாது என்று டி.கே. யாதவ் வழக்கில் 1993-இலேயே தீர்ப்பு. தவிர, பிரசவத்தால் உடம்புக்கு முடியவில்லை என்று சான்று கொடுத்தால் இன்னும் ஒரு மாதம் கூலியோடு லீவு உண்டு. அதை நீங்கள் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை. (பிரசவ லீவுக்கான 1961-ஆம் வருஷச் சட்டம் 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. 26 வாரம் மாறவில்லை.)

கடை இருக்கட்டும், விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் பெண்களும் இதே ஊர்ப்பக்கம்தான். தோட்டத்துக்கும் இந்தச் சட்டம் உண்டு, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். அந்த 80 நாளுக்குச் சீட்டு எழுதித் தருபவர் யார்? இது தனியாக ஒரு வாரம் கேட்கும்.

கடித நகல் அடுத்த இதழில், சத்தியமாக. அதுவரை, கோம்பைக்காரரே, வருகைப் பதிவேட்டில் அந்தப் பேரை அடித்துவிடாதீர்கள்.