டியூப்பின் வாலைப் பாருங்கள்!

பெருங்களத்தூரைத் தாண்டி பைக் ஐம்பதில் போய்க்கொண்டிருக்கிறது. பின்னால் மனைவி. அவள் மடியில், அவள் அம்மாவுக்கான அல்வாப் பொட்டலம். திடீரென்று 'க்ரீச்!' பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு வண்டி வழுக்குகிறது. ஏதோ பூர்வ ஜன்மப் புண்ணியம், கை தானாக க்ளட்சைப் பிடித்துவிட்டது. சக்கரம் விடுபட்டு ஓரமாக வந்து நின்றோம். பின்னால் வந்த லாரிக்காரர் ஒதுங்கிப் போகும்போது சொன்னதை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

எஞ்சின் ஜாம்! காரணம், நான் மிச்சம் பிடித்த பத்து ரூபாய்.

பத்து நாள் முன்னால் க்ளட்ச் கவரில் ஆயில் கசிந்தது. "பேக்கிங் கிழிஞ்சிருக்கு ஸார். புதுசு வரணும்னா ரெண்டு நாள் ஆகும். ஒரு பேஸ்ட் வாங்கிட்டு வாங்க, அடிச்சு விட்டுடறேன்" என்றான் ஒர்க்‌ஷாப் பையன். கடைக்காரர் தூசு தட்டி ஒரு சிலிக்கோன் டியூபை எடுத்தார். "பழைய ஸ்டாக். பத்து ரூபா கம்மியாக் கொடுங்க." நான் பி.காம். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போகவேண்டும் என்று படித்ததை ஒரு மனிதர் அமல்படுத்துகிறாரே என்று பூரித்துப்போய் வாங்கிவிட்டேன். தேதியைப் பார்க்கவில்லை.

பையன் பிறந்த நாள் கேக்குக்கு க்ரீம் வைப்பதுபோல் பேஸ்ட்டை வைத்து, கவரை முறுக்கி, உடனே ஆயிலையும் ஊற்றிவிட்டான். அரை மணியில் டெலிவரி!

ஜாம் ஆன எஞ்சினைப் பிரித்தவர் வேறொரு மெக்கானிக். அறுபதைத் தொட்டவர். ஆயில் சல்லடையை நீட்டினார்.

"இது என்ன தெரியுதா தம்பி?"

"சூயிங்கம் மாதிரி இருக்கே அண்ணே!"

"நீங்க வாங்கிக் கொடுத்த பேஸ்ட்தான். உள்பக்கம் பிதுங்கினது பிஞ்சு வந்து சல்லடையை அடைச்சிருக்கு. மேலே ஆயில் ஏறலை. பிஸ்டன் பிடிச்சுக்கிச்சு."

பில் 7,000 ரூபாயைத் தாண்டியது. அதற்கு ஈடாக அவரிடம் ஒரு பாடம் கேட்டுக்கொண்டேன்.

இந்த சிலிக்கோன் பெயின்ட்டைப்போல் 'காய்வது' இல்லை. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு ரப்பராக இறுகுகிறது. அதுவும் வெளியிலிருந்து உள்ளே, நாளொன்றுக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். ஆகவே மூடி சரியில்லாவிட்டால் டியூபுக்குள்ளேயே வேலையை ஆரம்பித்துவிடும். திறக்காத டியூபுக்கே பெரும்பாலும் ஒரு வருஷம், சிலவற்றுக்கு இரண்டு வருஷம்தான் ஆயுள். அதுவும் குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைத்திருந்தால்! தகரக் கூரைக் கடையில் சித்திரை வெயிலைத் தாண்டிய சரக்கைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வயசான பேஸ்ட் கட்டி தட்டும்; இல்லையென்றால் எத்தனை நாளானாலும் பிசுபிசுவென்றே கிடக்கும். தேதி பெரும்பாலும் டியூபின் மடித்த வாலில் குத்தியிருக்கும். திறந்த டியூப் என்றால் அந்தத் தேதிக்கும் மதிப்பில்லை. ஒரு காகிதத்தில் கொஞ்சம் பிதுக்கி வையுங்கள். அரை மணிக்குள் மேலே தோல் கட்டவேண்டும். மறுநாள் ரப்பராக இழுபடவேண்டும். இல்லையா, குப்பைத்தொட்டி!

போடுவதும் அப்படித்தான். இரண்டு பக்கமும் ஆயில் பிசுக்கில்லாமல் துடைத்துவிட்டு, மெல்லிசாக ஒரே கோடு. வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். அதே அளவு உள்ளேயும் பிதுங்குமே, அதை யார் துடைப்பது? இறுகுவதற்கு டியூபில் போட்டிருக்கும் நேரம் கொடுத்த பிறகுதான் ஆயில். பெட்ரோல் படும் இடத்தில் சாதாரண சிலிக்கோன் கூடவே கூடாது, ஊறி உப்பிவிடும். ஹெட் பேக்கிங்குக்குப் பதிலாக இதைத் தடவுகிறேன் என்று எவராவது சொன்னால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்துவிடுங்கள்.

வினிகர் வாசனை வருகிறதா? அது அஸெடிக் அமிலம். கண்ணைக் கரிக்கும், தாமிரம், அலுமினியத்தை அரிக்கும். ஒயரிங் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வாசனை குறைந்தது சாது என்றும் நம்பமுடியாது. அவற்றில் பல, இறுகும்போது வெளிவிடும் கீட்டாக்ஸைம் என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் புற்றுநோய் பட்டியலில் வைத்திருக்கிறது. கதவைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள். 2020-ல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் ஆக்ஸிஜன் சென்ஸர் வேறு இருக்கிறது. சில சிலிக்கோன்களின் ஆவி எஞ்சினுக்குள் எரிந்து, அதன்மேல் மணல்போல் படிந்து அதைக் குருடாக்கிவிடும். 'சென்ஸர் ஸேஃப்' என்று போட்டதாகக் கேட்டு வாங்கவேண்டும்.

இத்தனையும் தெரிந்துகொண்டு, புது டியூப் ஒன்றை, தேதி பார்த்து, முழு விலை கொடுத்து வாங்கி வந்தேன். 'குளிர்ந்த இடம்' என்றார்களே என்று ஃப்ரிட்ஜ் கதவில், தக்காளி ஸாஸுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் காலை மனைவி அதைக் கையில் பிடித்தபடி வந்தாள். "நேத்து எங்க அம்மா இதை மயோனைஸ்னு நினைச்சு மூடியைத் திருகிட்டாங்க. வேணும்னேதான் வெச்சீங்களா?"

டியூப் இப்போது பீரோவின் மேல்தட்டில், பூட்டுக்குள் இருக்கிறது. சாவி அவளிடம்.