குதிரைக்குத் தீனி: மாட்டுக்கு ஏற்றது குதிரைக்கு ஏற்றதன்று

புதுச்சேரி நகரத் தெருக்களில் ஒரு காலத்தில் குதிரை வண்டிகள் ஓடின. இன்று குதிரையைப் பெரும்பாலும் திருமண ஊர்வலத்திலும், நகரை ஒட்டிய ஆரோவில் பகுதியின் சவாரிப் பயிற்சியிலுமே காண்கிறோம். எண்ணிக்கை குறையவே, வளர்க்கும் அறிவும் அருகிவிட்டது. பாகூர், மண்ணாடிப்பட்டுப் பகுதிகளில் பசு வளர்த்துப் பழகிய ஒருவர் குதிரை வாங்கினால், மாட்டுக்கு வைக்கும் வைக்கோலையும் தவிட்டையுமே அதற்கும் வைப்பது இயல்பு. ஒரே குதிரையின் வாடகையால் பிழைக்கும் குடும்பத்துக்கு இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. ஆகவே இவ்விரு பிராணிகளுக்கும் உள்ள வேறுபாட்டை உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம்.

வயிற்றின் அமைப்பு

பசுவுக்கு இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. பெரிய பசுவின் முதல் அறை மட்டுமே 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அவசரமாக விழுங்கிய வைக்கோலையும் அது பின்னர் அசைபோட்டுச் சத்தைப் பிரித்துக்கொள்ளும். குதிரை அசைபோடுவதில்லை. அதன் இரைப்பை ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர் அளவே கொள்ளும். அதற்குப் பித்தப்பையும் இல்லை; உண்டது ஒவ்வாவிடில் வாந்தி எடுக்கவும் இயலாது. ஆகவே சிறுகச் சிறுக நாள் முழுவதும் மேய்வதே அதன் இயற்கை. காலையில் ஒரு கூடையும் மாலையில் ஒரு கூடையும் தானியம் கொட்டிவிட்டு இடையில் வெறும் வயிற்றோடு கட்டிவைத்தால், வயிற்று வலியும் குளம்பு அழற்சியும் தோன்றக்கூடும்.

அளவு

300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 4½ முதல் 6 கிலோ உலர்ந்த புல் வேண்டும். பச்சைப் புல்லில் முக்கால் பங்கு நீரே ஆதலின், 1 கிலோ உலர் புல்லுக்கு ஈடாக 4 கிலோ பச்சைப் புல் இடவேண்டும். கொள்ளு நம் நாட்டில் தொன்றுதொட்டு வழங்கும் குதிரைத் தீனி. அதை வேகவைத்து ஆறிய பின் கொடுக்கவேண்டும்; புளித்துப்போனதைக் கொட்டிவிட வேண்டும். கொள்ளும் பிற தானியமும் சேர்ந்து ஒரு வேளைக்கு 1½ கிலோவைத் தாண்டலாகாது. உழைக்காத நாளில் தானியத்தைக் குறைத்துப் புல்லை மிகுதியாக்கவேண்டும். தூய நீர் 20 முதல் 30 லிட்டர் தேவை. கோடையிலும் உழைக்கும் நாளிலும் அது இரு மடங்காகலாம். வியர்வையில் கழியும் உப்பை ஈடு செய்ய நாளொன்றுக்கு 30 கிராம் உப்பும் தரவேண்டும்.

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் விழாவையொட்டிக் கூடுவது போன்ற சந்தைகளில் குதிரை வாங்குவோர், அது முன்பு உண்ட தீனி யாது எனக் கேட்டறிந்து, புதிய தீனிக்கு 7 முதல் 10 நாட்களில் படிப்படியாக மாற்றவேண்டும்.

விலக்கவேண்டியவை

அரிசித் தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேலாக மணிச்சத்து உள்ளது. தவிட்டையே நம்பி வளர்க்கும் குதிரை தன் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தை இழக்கும், முகவெலும்பு வீங்கும், கால் தாங்கும். கறவை மாட்டுக்கு நன்மை தரும் கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல்லையே தொடர்ந்து இட்டாலும் இதே கேடு நேரலாம். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது. சூபாபுல் தழை பிடரி மயிரையும் வால் மயிரையும் உதிர்க்கும். கோழித் தீவனத்தில் சில வேளை கலக்கப்படும் மோனென்சின் என்னும் மருந்து குதிரையின் உயிரையே மாய்க்கும். பூஞ்சணம் பிடித்த புல்லும் கடலைக்கொடியும் எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் வேண்டா.

பராமரிப்பு

குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவி லாடத்தை மாற்றவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் லாயத்தின் தரை ஈரமாகக் கிடந்தால் குளம்பு அழுகும். பல்லை ஆண்டுக்கொருமுறை மருத்துவரிடம் காட்டவேண்டும். மென்ற புல் உருண்டையாக வாயிலிருந்து விழுந்தால் பல்லில் கோளாறு எனக் கொள்க. டெட்டனஸ் எனப்படும் இரண ஜன்னிக்குக் குதிரை எளிதில் இரையாகும். லாட ஆணி குத்திய சிறு புண்ணே போதும். ஆதலின் தடுப்பூசியைத் தவறவிடலாகாது.

குதிரை தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலும், தரையைக் காலால் பறித்தாலும், புரண்டு வியர்த்தாலும் அது வயிற்று வலியின் அறிகுறி. உடனே தீனியை நிறுத்தி மருத்துவரை அழைக்கவேண்டும். விளக்கெண்ணெயைக் குழாயில் ஊற்றிப் புகட்டும் பழைய வழக்கம் ஆபத்தானது. எண்ணெய் நுரையீரலுக்குள் சென்றால் வயிற்று வலிக்குத் தப்பிய குதிரையும் பிழைப்பதரிது. குரும்பாபேட்டில் 1994-இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி நம் அருகிலேயே உள்ளது. நோய் முற்றும் வரை காத்திராமல் அங்குள்ள மருத்துவர்களின் அறிவுரையை நாடலாம்.

கூட்டுறவின் பங்கு

சுண்ணாம்புச் சத்து நிறைந்த பசுந்தீவனம் ஒன்றுக்குத் தமிழில் குதிரைமசால் என்றே பெயர். விதைத்த 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பும், பின்னர் 25 முதல் 30 நாளுக்கொரு அறுப்பும் தரும். நீர் தேங்கும் நிலம் இதற்கு ஆகாது. வடிகால் நன்கமைந்த மேட்டு நிலமே ஏற்றது. இதைத் தனியே இடாமல் புல்லுடன் கலந்து இடவேண்டும். குதிரை வைத்திருப்போர் சிலர் ஒன்றுகூடி ஆண்டு முழுவதற்கும் தேவையான அளவைக் கணக்கிட்டுச் சொன்னால், விவசாய உறுப்பினர் ஒருவர் கால் ஏக்கரில் துணிந்து பயிரிடலாம். லாயத்து எருவை அவரே திரும்பப் பெற்றுத் தம் நிலத்துக்கு இடலாம். வாங்குவோரும் விளைவிப்போரும் முன்கூட்டியே பேசி முடிப்பதால், ஒருவருக்குத் தீனி தட்டாது. மற்றவருக்கு விளைச்சல் தேங்காது. தீனிக்குச் செலவிடும் அதே பணத்தை அறிந்து செலவிட்டால், குடும்பத்தைக் காக்கும் குதிரை நெடுநாள் உழைக்கும்.