பிள்ளை கேட்கும் பைக்கில் ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கா?

பிள்ளை ஸ்போர்ட்ஸ் பைக் கேட்டா நாம விலையையும் சிசியையும்தான் பார்ப்போம். ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கான்னும் பாருங்க. கவாஸாகி நின்ஜா 400-ல் இருக்கிறது.

புதுசா ஓட்டுறவங்க வளைவுக்கு முன்னாடி அவசரமா ரெண்டு கியர் குறைச்சு, கிளட்சைச் சட்டென விட்டுடுவாங்க. எஞ்சின் பின்சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். பிரேக் பிடிச்சதால் எடை முன்பக்கம் போயிருக்கும். லேசான பின்சக்கரம் துள்ளும், வழுக்கும். பிள்ளை விழுவது அங்கேதான்.

ஸ்லிப்பர் கிளட்சுக்குள் சாய்வான மேடுகள் உண்டு. சக்கரம் எஞ்சினைச் சுத்தவைக்க ஆரம்பித்ததும், அந்தச் சாய்வு பிரஷர் பிளேட்டைத் தள்ளும். தட்டுகளின் பிடி தளர்ந்து, டயருக்குப் பதிலா கிளட்ச் வழுக்கும். முடுக்கும்போது எதிர்ச்சாய்வு தட்டுகளை இறுக்குவதால் மெல்லிய ஸ்பிரிங்கே போதும். லீவரும் லேசா இருக்கும். சின்னக் கைக்கு இது பெரிய உதவி.

ரேஸ் பைக்கில் ஸ்பிரிங்கையும் தட்டடுக்கின் தடிமனையும் மாற்றி, எவ்வளவு வழுக்கணும்னு வைப்பாங்க. வீட்டுப் பைக்கில் அதைத் தொட வேண்டாம். லீவரின் ஃப்ரீ பிளே கையேட்டில் சொன்ன அளவு இருக்கணும், ஆயில் ஜாஸோ எம்ஏ ரகமா இருக்கணும். கராஜில் மிச்சமிருக்கும் கார் ஆயிலை ஊற்ற விடாதீங்க. அதில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருந்தா, முடுக்கும்போதே கிளட்ச் வழுக்கும்.

ஏபிஎஸ் இருந்தா போதாதா? அது பிரேக்கால் சக்கரம் பூட்டுவதைத்தான் தடுக்கும், எஞ்சின் இழுவையை இல்லை. கடையில் ரெண்டையும் கேளுங்க.