பிறவிக் குணமும் நீண்ட வாழ்வும்

'பிறவிக் குணம்' என்னும் சொல் நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவருகிறது. வகுப்பில் இருப்புக் கொள்ளாத சிறுவனைக் கண்டால், அது அவன் பிறவிக் குணம் என்கிறோம். தொண்ணூறு வயதுப் பெரியவர் தடியின்றி நடந்தால், அது அவர் பெற்றுவந்த உடல்வாகு என்கிறோம். இக்கூற்றுகளில் உண்மை எவ்வளவு என்பதை மரபணு ஆராய்ச்சியின் துணைகொண்டு காண்போம்.

மூளையில் ஆர்வத்தையும் ஊக்கத்தையும் எழுப்பும் வேதிப்பொருள்களுள் ஒன்று டோப்பமின். அதனை ஏற்கும் வாயில்களுள் ஒன்றை ஆக்குவது டி.ஆர்.டி.4 என்னும் மரபணு. அதில் 48 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதி, பாட்டில் பல்லவி வருவதுபோலத் திரும்பத் திரும்ப வருகிறது. உலக மக்களுள் பெரும்பாலோரிடம் காணப்படுவது நான்கு முறை வரும் வடிவம். சிலரிடம் அது ஏழு முறை வரும்.

1996ஆம் ஆண்டில் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர் தனித்தனியே ஆராய்ந்து, நீண்ட வடிவம் உடையோர் புதுமை நாடும் இயல்பினர் என்று அறிவித்தனர். பின்னர் வந்த ஆய்வுகள் பல அதனை உறுதிசெய்யவில்லை. தொடர்பு உண்டெனினும் அது மிகச் சிறிதே என்பது இன்று தெளிவு. 1999இல் வேறொரு குழுவினர், நெடுந்தொலைவு குடிபெயர்ந்த இனத்தாரிடையே ஏழுமுறை வடிவம் மிகுதி என்று கண்டனர்.

அவ்வாறாயின், கடல் கடந்து கோலசிலாங்கூர், பத்தாங் பெர்சுந்தை, புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரை உந்தியதும் இம்மரபணுதானோ? அன்று. 1996இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வொன்றின்படி, அமெரிக்கப் பழங்குடிகளிடம் ஏறத்தாழ 48 விழுக்காடாக உள்ள அவ்வடிவம், கிழக்கு ஆசியாவிலும் தெற்கு ஆசியாவிலும் 2 விழுக்காடு அளவே. நம்மவரைக் கப்பலேற்றியவை பஞ்சமும் கடனும் கங்காணியின் வாக்குறுதியுமே. 1938இல் இந்திய அரசு தடைவிதித்தபோது அவ்வரவு நின்றதும் இதற்குச் சான்று. 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எழுந்ததும் இவ்வட்டாரத்தில்தான். அதன் பெயரே தென்னமரம். அங்கு உழைத்தோரை அழைத்துவந்தது வயிற்றுப்பாடேயன்றிப் புதுமை வேட்கையன்று.

இனி, முதுமைக்கு வருவோம். 2013இல் கலிபோர்னியாவில் 90 வயது கடந்த 310 பேரை ஆராய்ந்தனர். பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர். இளையோரைவிட இம்முதியோரிடம் ஏழுமுறை வடிவம் 66 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அவ்வடிவம் உடையோர் உடலியக்கத்திலும் மிகுந்திருந்தனர். அம்மரபணு நீக்கப்பெற்ற எலிகளின் ஆயுளோ 7 முதல் 9.7 விழுக்காடு வரை குறைந்தது. மரபணு நேராக ஆயுளைக் கூட்டுவதைவிட, ஓடியாடி இயங்கும் விருப்பத்தைத் தந்து அதன் வழியே கூட்டலாம் என்பது ஆய்வாளர் கருத்து. அவ்வாறெனில், அப்பேறு வாய்க்காதவரும் நடந்தும், தோட்டமிட்டும், நாலு பேருடன் பழகியும் அந்நலனைத் தேடலாம் அல்லவா?

நம் தோட்ட வரலாறு இன்னுமொரு பாடம் தருகிறது. தொடக்கக் காலத்தில் நம்மவர் பலர் இளமையிலேயே மாண்டனர். மலேரியா அதற்குப் பெருங்காரணம். 1901இல் அண்டை மாவட்டமாகிய கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒழிக்க முற்பட்டார். கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் நோய் விரைவில் தணிந்தது. அம்முறை பின்னர்த் தோட்டங்களுக்கும் பரவியது. மக்களின் மரபணு மாறவில்லை. வடிகால் வெட்டப்பட்டது, உயிர்கள் பிழைத்தன.

அன்று பெரட்டுக்கு நின்று நாள்தோறும் மரம் மரமாக நடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுள் பலர், இன்று நகர அடுக்ககங்களில் அமர்ந்த வேலை பார்க்கின்றனர். முன்னோரின் வறுமை திரும்ப வேண்டியதில்லை. அவர்களின் நடை மட்டும் வேண்டும்.

மரபணு ஒரு சாய்வைத் தரலாம், தலையெழுத்தைத் தருவதில்லை. ஆகவே, ஒரு பிள்ளையை 'இவன் பிறப்பே இப்படி' என்று ஒதுக்கும் உரிமையை இவ்வறிவியல் ஆசிரியர் எவர்க்கும் வழங்கவில்லை. துறுதுறுப்பான பிள்ளைக்குத் திடலும், கைவேலையும், பொறுப்பும் கொடுத்துப் பார்ப்பதே அறிவுக்கு ஒத்த வழி.