மலை ஏறிய கால்களுக்கு வீட்டிலே ஒரு மேடு

கேமரன் மலையின் தேயிலைச் சரிவில் கொழுந்து வெட்டுகிறவர் நிற்கும் நிலையைக் கவனித்துப் பாருங்கள். மேட்டுப் பக்கக் கால் மடங்கியிருக்கும். பள்ளத்துப் பக்கக் கால் நீண்டு ஊன்றியிருக்கும். இரண்டு கையிலும் கத்தரி. அதோடு பொருத்திய பெட்டியில் இலை விழ விழ முன்பக்கம் கனக்கும், முதுகுக் கூடை பின்னுக்கு இழுக்கும். காலடியில் மழையில் ஊறிய மண். அங்கே சாயாமல் நிற்க மூளையும் இடுப்பும் கணுக்காலும் ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இப்படி முப்பது வருஷம் நின்றவர்கள்தாம், வேலையை விட்டு சில வருஷங்களில், சமதளமான குளியலறைத் தரையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்கள்.

"வயசாச்சு, விழத்தானே செய்வாங்க" என்று நாமும் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். இந்தச் சமாதானம் தவறானது. வயது ஒரு பங்கு. மிச்சப் பங்கை வயதானபின் நாம் வாழும் முறை சேர்க்கிறது. அந்த மிச்சப் பங்கை வீட்டுக்குள்ளேயே குறைக்க முடியும்.

நாம் நிமிர்ந்து நிற்க மூன்று இடங்களிலிருந்து செய்தி வேண்டும். கண் சுற்றுப்புறத்தைச் சொல்கிறது. உள்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழல்களும் அவற்றை ஒட்டிய பைகளும் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, சாய்கிறது என்று சொல்கின்றன. பாதமும் கணுக்காலும் தரை எப்படி இருக்கிறதென்று சொல்கின்றன. மூளை மூன்றையும் ஒட்டிப் பார்த்துத் தசைகளுக்கு உத்தரவு போடுகிறது. லேசாகச் சாய்ந்தால் கணுக்கால் சரிசெய்யும். கொஞ்சம் கூடுதலானால் இடுப்பு வளைந்து கொடுக்கும். அதற்கும் மிஞ்சினால் சட்டென்று ஓர் எட்டு வைத்துத்தான் தப்ப வேண்டும். முதுமையில் இந்த எட்டு மந்தமாகிவிடுகிறது. வேகமாகச் சுருங்கும் தசைநார்கள்தாம் மற்றவற்றைவிட விரைவாகத் தேய்கின்றன.

மலேசியத் தமிழர்களுக்கு இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. சர்க்கரை பல வருஷம் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். மூன்று செய்திகளில் ஒன்று அறுந்துவிடும். மீதி இருப்பவை கண்ணும் காதும். விடியற்காலை, குளிரில், விளக்குப் போடாமல் கழிப்பறைக்குப் போகும்போது கண்ணும் உதவாது. காது ஒன்றை மட்டும் நம்பி நடக்கிறவர் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

2018-ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், அறுபது வயதைத் தாண்டிய மலேசியர்களில் 14.1 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் விழுந்திருந்தார்கள். ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். உலக அளவில் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

1929-இல் ஜே. ஏ. ரசல் ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய பின் இந்த மலையில் வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களில், வயதானவர்கள் தோட்டத்து வீடுகளிலும் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கமும் இருக்கிறார்கள். தேயிலைக் காட்டில் இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பிள்ளைகள் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ வேலையில் இருப்பார்கள். விடுமுறைக்கு வந்தால் அம்மாவை எழுந்திருக்கவே விட மாட்டார்கள். "நீங்க உக்காருங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம்." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் ஒரு தடவை தடுமாறியவரை நாள் முழுக்க நாற்காலியில் உட்கார வைப்பது அடுத்த வீழ்ச்சிக்கு வழி போட்டுக் கொடுப்பது. 2007-இல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்தது. பயத்தில் நடமாட்டம் குறையும். நடமாட்டம் குறைந்தால் கால் தளரும். கால் தளர்ந்தால் பயம் கூடும். இந்த வட்டத்தை எங்கேயாவது ஓர் இடத்தில் அறுக்க வேண்டும்.

அறுக்க முடியும் என்று தெளிவாகக் காட்டியது நியூசிலாந்து. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் கேம்பலும் கிளேர் ராபர்ட்சனும் அவர்களோடு இருந்தவர்களும் எண்பது வயதைத் தாண்டிய 233 பெண்களை வைத்து ஒரு சோதனை செய்து 1997-இல் வெளியிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் போனார். அவரவர் உடம்புக்குத் தக்கபடி தசைக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தார். பெரிய கருவி எதுவும் கிடையாது. கணுக்காலில் கட்டும் எடைப் பட்டை மட்டும். வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம். இடையே நடை. பின்னால் இத்தகைய சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது விழுவது 35 விழுக்காடு குறைந்திருந்தது. 2019-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 108 சோதனைகளை, 23,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை அலசியது. உடற்பயிற்சி வீழ்ச்சிகளை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது என்பது அதன் முடிவு.

"நான்தான் தினமும் கோயில் வரைக்கும் நடக்கிறேனே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. ஆனால் நடை மட்டும் வீழ்ச்சியைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. சமநிலைக்குச் சவால் வேண்டும். விழுவோமோ என்ற எல்லைக்குக் கொஞ்சம் கிட்டே, பிடித்துக்கொள்ள ஒரு பிடி இருக்கும் இடத்தில், உடம்பை நிறுத்திப் பழக்க வேண்டும். சரிவிலே கொழுந்து வெட்டியபோது அந்தச் சவால் சும்மாவே கிடைத்தது. இப்போது வீட்டுக்குள்ளே ஒரு மேட்டைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தோட்டத்து வீட்டுச் சமையலறையே போதும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், நகரக் கூடாது. முன்விளிம்பில் உட்கார்ந்து, பாதத்தை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னே இழுத்து, நெஞ்சை முன்னே சாய்த்து, கை ஊன்றாமல் எழ வேண்டும். பலருக்கு முதல் நாள் வராது. தலையை நிமிர்த்திக்கொண்டே எழப் பார்ப்பார்கள். உடல் எடை நாற்காலியிலேயே தங்கிவிடும். "மூக்கு கால் கட்டைவிரலுக்கு மேலே வரட்டும் பாட்டி, அப்புறம் எந்திரிங்க" என்று சொல்லிக் கொடுத்தால் பட்டென்று வந்துவிடும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குவது எழுவதைவிட முக்கியம். மலையிலிருந்து இறங்கும்போது முன்தொடை செய்த வேலை அதுதான்.

பிறகு அடுப்பு மேடையை விரல் நுனியால் தொட்டபடி குதிகாலைத் தூக்கி நிற்பது, பாதத்தின் முன்பகுதியைத் தூக்கிக் குதிகாலில் நிற்பது, பக்கவாட்டில் நடப்பது, ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடப்பது. ஒரு காலை மற்றதன் முன்னே அப்படி ஒட்டி வைத்துப் பத்து நொடி நிற்க முடியவில்லையென்றால் விழும் அபாயம் கூடுதல் என்று கொள்ளலாம். இரண்டு கையால் பிடிப்பதில் தொடங்கி, ஒரு கை, இரண்டு விரல், பிடிக்காமல் என்று வாரக்கணக்கில் ஏற வேண்டும். பயிற்சி சுலபமாகிவிட்டதென்றால் அது பலன் தருவதை நிறுத்திவிட்டது என்று பொருள். அடுத்த படிக்குப் போக வேண்டும். ஏற்கெனவே விழுந்தவர், தலைசுற்றல் உள்ளவர், எழுந்ததும் கண் இருட்டுகிறவர் மருத்துவரைப் பார்த்த பின்பே தொடங்க வேண்டும். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் ஆளைத் தள்ளிவிடக்கூடியவை.

1997-இல் ஸ்வீடனில் ஒரு கவனிப்பு செய்தார்கள். முதியவர்களோடு நடந்தபடி பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தியவர்களே பின்னால் அதிகம் விழுந்தார்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் போய்விடுவதன் அடையாளம் அது. வீட்டில் யாரிடமாவது இது தெரிந்தால் பயிற்சியை உடனே தொடங்கலாம்.

எல்லா முயற்சியும் வெற்றி பெற்றதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏற்கெனவே விழுந்திருந்த 268 முதியவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினருக்கு அவரவர் நிலைக்கேற்ற கூட்டுச் சிகிச்சை தந்து பார்த்தார்கள். வீட்டுப் பயிற்சியும் அதில் ஓர் அங்கம். 2018-இல் வெளியான முடிவில், வீழ்ச்சிகள் குறையவில்லை. இதைப் பயிற்சியின் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. பலமுறை விழுந்து, உடம்பில் பல கோளாறு சேர்ந்த பிறகு தொடங்குவது எவ்வளவு கடினம் என்பதையே அது காட்டுகிறது. விழாதபோதே, அறுபதிலேயே, தொடங்க வேண்டும்.

வீட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்த மலையில் மழைக்கும் மூடுபனிக்கும் சிமெண்டுப் படியில் பாசி ஏறுவது நிற்காது; வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டியதுதான். தேய்ந்த சிலிப்பரைத் தூக்கி எறியுங்கள். படுக்கையிலிருந்து கை எட்டும் தூரத்தில் ஒரு விளக்கு. கழிப்பறைச் சுவரில் கைப்பிடி. அங்கே துணி போடும் கம்பியைப் பிடித்து எழுவது ஆபத்து.

விழுந்தால் எழுவதையும் முன்கூட்டியே பழக வேண்டும். பல முதியவர்கள் அடிபட்டதைவிட, எழ முடியாமல் மணிக்கணக்கில் குளிர்ந்த தரையில் கிடந்ததால் அதிகம் சீரழிகிறார்கள். ஒருக்களித்துப் புரண்டு, முழங்கையை ஊன்றி, நான்கு காலில் தவழ்ந்து நாற்காலிக்குப் போய், அதில் கையை வைத்து, பலமான காலை முன்னே ஊன்றி எழ வேண்டும். பாய் விரித்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது பழகலாம்.

மலேசிய சுகாதார அமைச்சு வீடு தேடிப் போய்ப் பராமரிக்கும் சேவை ஒன்றை நடத்துகிறது. அது பெரும்பாலும் படுத்த படுக்கையானவர்களுக்கு. வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் தானா ராத்தா மருத்துவமனைக்கு வர முடியாத தோட்டத்து முதியவர்களுக்கு, படுக்கையில் விழும் முன்பே, ஒரு பிசியோதெரபிஸ்ட் வருஷத்தில் நாலைந்து தடவை வந்து போனால் போதும். ஒட்டாகோவில் வேண்டியிருந்தது ஏறக்குறைய அவ்வளவுதான். அதுவரை, அடுத்த முறை கிளினிக்குக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: என் பாதத்தில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று சோதிப்பீர்களா? சமநிலைப் பயிற்சிக்கு என்னை எங்கே அனுப்புவீர்கள்?